இடது ஓரம்

காகித ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தமயந்தி முகம் சுளித்தாள். கீழே, ஓடும் காகிதத்தின் மேல் உருண்டபடி இரண்டு சிறு சக்கரங்கள் காதுக்கு எட்டாத ஒலியை அதனூடே அனுப்பிக்கொண்டிருந்தன. விறைப்பான காகிதத்தில் ஒலி விரைந்து போகும். இடது ஓரத்தில் மட்டும் ஒலியின் வேகம் குறைந்திருந்தது; அங்கே காகிதம் விறைப்பாக இல்லை. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களுக்கான தடித்த காகிதம் அது.

“கண்ணுக்கு ஒரு குறையும் தெரியலையேம்மா, உட்ருங்க,” என்றார் ஷிப்ட் பொறுப்பாளர் குழந்தைவேலு.

“இதக் கண்ணால யாருங்க சார் படிக்கப் போறாங்க? நாலு தரம் விரல் பட்டா புள்ளி அமுங்கிரும்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அந்த ரோலை ஒதுக்கச் சொல்லிவிட்டு இயந்திரத்தைச் சரிசெய்யப் போனார்.

அதன்பின் வந்த நல்ல காகிதத்தில் ஒரு துண்டை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். கல்யாணமாகி முதல் ஆடிகூட இன்னும் வரவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத அவள் கணவன் இளவரசு அதை முகர்ந்தான், வளைத்துப் பார்த்தான், எழுத்தூசியால் ஏதோ குத்தினான். பிறகு அதைத் திருப்பி, மேடாக எழுந்த புள்ளிகள்மேல் விரலை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். புள்ளிகள் அப்படியே நின்றன.

“என்னங்க எழுதுனீங்க?”

“நீயே படியேன்.”

“எனக்கு எங்க இதெல்லாம் தெரியும்?”

அவன் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தான். “இது ‘த’,” என்றான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவன் நகர்த்துவதற்கு முன்பே அவள் விரல் அடுத்த எழுத்தைத் தேடிப் போனது.