பொக்கை ஃபேன்

தகர மூடி உட்கார மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது.

மூடி அப்பா காலத்தது, ஸ்கூட்டரோடு பிறந்தது. அதற்குள் அடங்க வேண்டிய சிலிண்டரோ போன வாரம் கடையில் வாங்கிய டூப்ளிகேட். பழைய சிலிண்டர் விரிசல் விட்டுப் போனதால் வேறு வழியில்லை. அளவெல்லாம் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகத்தான் கொடுத்தார்கள். எங்கே ஒன்று? சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகள் அரை நூல் பெரிசு.

அந்த அரை நூலுக்காகக் காலையிலிருந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

“மெக்கானிக் தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?”

வாசல் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாதான் கேட்டாள். பெற்ற ஒரே பிள்ளையைக் கேட்டாள்.

ஒரு வருஷமாகவே அவன் அவளுக்கு யாரோ ஒருவன். ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்ட பிறகு மெக்கானிக் ஆனான். யாரோவிலிருந்து மெக்கானிக் என்றால் பதவி உயர்வுதானே என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வான். கூடச் சிரிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

சின்ன வயதில் கிரீஸ் கையைக் கதவுத் திரையில் துடைத்துவிட்டு அவளிடம் அவன் வாங்காத திட்டு கிடையாது. போன மாதம் ஒருநாள் வேண்டுமென்றே, அவள் கண்ணெதிரிலேயே, துவைத்துப் போட்ட திரையில் பத்து விரலையும் அழுந்தத் துடைத்தான்.

“பரவாயில்லங்க தம்பி, துணிதானே,” என்றாள்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அவனுக்கு ஒரு திட்டு வேண்டும். இன்னாரென்று தெரிந்து, வாய் நிறைய, ஒரே ஒரு திட்டு.

அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் அவர் இருந்த காலத்தில், தெருமுனையில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மற்ற ஞாபகங்களும் பின்னாலேயே வந்துவிடாதா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

புது சிலிண்டர், புது மூடி, புது ஃபேன் எல்லாம் மாட்டி நேற்று சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

படுத்துப் புரண்டபோதுதான் மண்டையில் உறைத்தது. அட மடையா, அப்பா வண்டி என்றைக்கு ஒழுங்காக ஓடியது? எஞ்சினைக் குளிரவைக்கிற ஃபேனில் மூன்று இறக்கை உடைந்து பொக்கை வாயாக இருக்கும். மூடியில் ஒரு போல்ட் பிடிக்காது. அந்த இடத்தில் அப்பா செருப்பு ரப்பரை வெட்டிச் சொருகியிருப்பார். விசிலும் இருமலும் கலந்தாற்போல் ஒரு சத்தம் வரும். தெருவே சிரிக்கும். அம்மா மட்டும் வாசலுக்கு வருவாள்.

காலையில் முதல் வேலையாகப் புது ஃபேனையும் மூடியையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“பழுது பாக்க வர்றவங்களைப் பாத்திருக்கேன் சார். பழுதைத் திரும்ப மாட்டுற மொத ஆளு நீங்கதான். பேரிங் போயிரும், ஆமா.”

போனால் போகட்டும்.

ஒருவழியாக மூடி மனசு இறங்கி உட்கார்ந்தது. உள்ளே பொக்கை ஃபேன். அப்பா வைத்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதால், தன் செருப்பையே வெட்டிச் சொருகினான்.

அப்பா வேலை விட்டு வரும் நேரத்துக்கு வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் உதைத்தான். இரண்டு உதைக்கு முறைத்தது. அடுத்த உதைக்குக் கிளம்பியது. அதே விசில், அதே இருமல்.

வீட்டுக்கு முன்னால் வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். தானாக எழுந்து, தானாக நடந்து வந்திருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது!

“ஏங்க, வர்றதுக்கு இவ்வளவு நேரமா? உங்க பிள்ளை இன்னும் வீடு வந்து சேரலை. திரையைப் பாருங்க, பூரா கிரீஸு. வரட்டும் அந்தத் தடிப்பய, இன்னிக்கு முதுகுத் தோலை உரிச்சிடறேன். நீங்க குறுக்க வந்து தாங்காதீங்க. போங்க, எங்க சுத்துறான்னு பாத்துக் கூட்டிட்டு வாங்க.”

கேட்ட திட்டு கிடைத்தது, வாய் நிறைய. வண்டியை அணைக்காமலே அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

தெருமுனையில் எஞ்சினை அணைத்தான். வண்டியைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, கிரீஸ் கையோடு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். படியேறினான். அவள் பார்க்கும்படி, திரையில் கையைத் துடைத்தான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அந்தச் சந்தோஷம் இன்னும் இருந்தது.

“வாங்க மெக்கானிக் தம்பி, உக்காருங்க. அவரு பையனைத் தேடிப் போயிருக்காரு. ரெண்டு பேரும் இப்ப வந்துருவாங்க.”

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவளோடு சேர்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தான்.