நூற்று நாற்பதாவது கிரெடிட்

"வயிறு வலிக்குதாய்யா? உக்காருங்க."

"வேணாம் சார். நிக்கிறேன்." பொன்னுத்துரை வலது கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அந்தக் கை அங்கிருந்து அசையவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பி.பி.ஏ. துறையின் பொறுப்பாசிரியன் இளஞ்செழியன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பது. நான்கு மணிக்குப் பல்கலைக்கழக இணையதளம் மூடிக்கொள்ளும். திரையில் ஐம்பத்தெட்டுப் பெயர்களுக்கு நேரே மதிப்பெண் ஏறிவிட்டது. பொன்னுத்துரையின் மகள் ஜீவிதாவின் கட்டம் மட்டும் காலி.

பட்டம் வாங்க நூற்று நாற்பது கிரெடிட் வேண்டும். ஜீவிதாவிடம் நூற்று முப்பத்தொன்பது இருந்தது. மிச்சம் ஒன்று, விரிவாக்கப் பணி. மரம் நட்டது, ரத்ததான முகாமில் நின்றது என்று செய்த வேலைக்கெல்லாம் கையெழுத்து வாங்கிய டைரியைக் கொடுத்தால் போதும். அந்த டைரியைத்தான் காணவில்லை.

"அலமாரிலதான் சார் வச்சிருந்தேன். ரெண்டு நாளாத் தேடுறேன்." ஜீவிதா தலை நிமிராமல் சொன்னாள். போன மாத வாய்மொழித் தேர்வில், பூ ஏற்றுமதி பற்றிக் கேள்வி கேட்ட வெளித்தேர்வாளரையே வாயடைக்க வைத்த பெண்.

"ஒரு நோட்டப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல. இவ நாளைக்கு எங்க வீட்ட எப்பிடிப் பாப்பா?"

சன்னலோரம் நின்ற பாண்டியராஜ் சொன்னான். ஜீவிதாவின் அத்தை மகன். செம்பட்டியில் இரண்டு போர்வெல் லாரி வைத்திருக்கிறான்.

"சார், நான் எண்ணூறு அடி போடுறவன். ஒத்த அடிக்காக மிசின நிறுத்துனதா சரித்திரமே இல்ல. நீங்க என்னடான்னா நூத்தி முப்பத்தொம்பதுல நிறுத்துறீக."

"இது போர்வெல் இல்லங்க."

"டிகிரி முடிச்ச மறு மாசம் கல்யாணம்னு மாமா குலசாமி கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. ஆவணில மண்டபம் பிடிச்சாச்சு. கெடுத்துப்புடாதீக. அவ என்ன வேலைக்கா போப்போறா? சுவத்துல மாட்டத்தான."

பொன்னுத்துரை மெல்லத் தொண்டையைச் செருமினார். "சார், அந்த ஒண்ணு இல்லாட்டி டிகிரி தரவே மாட்டாகளா?"

"மாட்டாங்கய்யா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அடுத்த வருசப் பிள்ளைகளோட சேந்து குடுக்கலாம். அதையும் விட்டா அதுக்கு அடுத்த வருசம். மூணு வருசம் வரைக்கும் டைம் இருக்கு."

"மூணு வருசமா?" அவர் மேசையை நெருங்கி வந்தார்.

"மாமா! தள்ளிப் போடுறதப் பத்தி ஏன் கேக்குறீக? இப்ப முடிக்கிறதக் கேளுங்க!"

மூன்று ஐம்பத்திரண்டு. இளஞ்செழியனுக்குக் குஜிலியம்பாறை முகாம் ஞாபகம் வந்தது. உச்சி வெயிலில், மற்றவர்கள் நிழலுக்குப் போன பிறகும் குழி குழியாகப் பனை விதை ஊன்றிக்கொண்டிருந்தவள் இவள்தான். டைரி இல்லாமல் மதிப்பெண் போட்டால் ஆய்வுக்கு வருகிறவர்கள் அவனைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும்.

"இவ வேலை செஞ்சத நான் கண்ணால பாத்திருக்கேன். போட்டுடுறேன். வர்றது வரட்டும்." விரல்கள் விசைப்பலகைக்குப் போயின.

"அப்பிடிச் சொல்லுங்க சார்!" என்றான் பாண்டியராஜ்.

"வேணாம் சார்!"

பொன்னுத்துரை போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன இரண்டு மாணவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"எம் பிள்ளைக்காக ஒங்க வேலைக்கு வெனை வந்துரக் கூடாது. டைரி இருந்தா மார்க்கு, இல்லேன்னா இல்ல. ஞாயம் அம்புட்டுத்தேன்."

"மாமா, புத்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு?"

இளஞ்செழியன் பொன்னுத்துரையின் முகத்தையே பார்த்தான். பிறகு காலிக் கட்டத்தைக் காலியாகவே விட்டுச் சமர்ப்பித்தான். ஜீவிதாவின் பெயருக்கு நேரே 'நிறைவு பெறவில்லை' என்று சிவப்பில் விழுந்தது.

அப்போதுதான் முதல் தடவையாக அவள் நிமிர்ந்தாள். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். அழவில்லை.

பாண்டியராஜ் நாற்காலியை எத்தினான். "மூணு வருசமெல்லாம் எங்காத்தா காத்துக் கெடக்காது. நாளைக்கே வேற எடத்துல பொண்ணு பாக்குறோம். அப்பத் தெரியும் ஒங்க ஞாயம்!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். கீழே புல்லட் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பஸ்ஸு வருதான்னு போயிப் பாரு தாயி. இந்தா வாரேன்." மகளை அனுப்பிவிட்டு, புல்லட் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறையும் வரை பொன்னுத்துரை அப்படியே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

அவ்வளவு நேரமும் அமுக்கிப் பிடித்திருந்த வயிற்றிலிருந்து கையை எடுத்தார். சட்டையைத் தூக்கி, வேட்டி மடிப்பில் செருகியிருந்ததை உருவி மேசைமேல் வைத்தார். பழுப்பு அட்டை போட்ட டைரி. இளஞ்செழியன் புரட்டினான். ஒரு பக்கம் விடாமல் கையெழுத்து இருந்தது.

"மாப்ள வேற எடத்துல தாலி கட்டுன மறுநா வாரேன் சார், அன்னைக்குப் போடுங்க அந்த ஒத்த மார்க்க."