முயலின் சாட்சி

"இப்பப் போய் இன்னொரு செடியா? எல்லாம் வயித்தெரிச்சல்டி!"

கையுறையை உருவிக் குப்பைக்கூடையில் எறிந்தாள் ஆராய்ச்சி மாணவி.

"நொட்டை அக்கா என்னதான் சொல்றாங்க?" என்றாள் பக்கத்து மேஜைத் தோழி. எதைக் காட்டினாலும் குறை சொல்லும் மூத்த ஆய்வாளருக்கு லேபில் அதுதான் பெயர்.

"தண்ணியில்லாம வாடற செடியில இந்தப் புரதம் கூடுதுன்னு படத்துல பளிச்சுன்னு தெரியுது. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பணும். இப்ப வந்து, அந்தப் புரதமே இல்லாத செடியிலயும் போட்டுப் பாருன்றாங்க."

"இல்லாத செடியில என்னத்தைத் தேடறது?"

"அதான் நானும் கேட்டேன். 'ஒண்ணும் வரக்கூடாது. வரலையான்னு பாரு'ன்னு தொட்டியைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. எங்க நானும் பேர் வாங்கிடுவேனோன்னு அவங்களுக்குப் பயம்!"

அவள் நம்பியிருந்தது ஒரு ஆன்டிபாடியை. செடியின் புரதத்தை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுத்தது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். ஃப்ரீசரில் பொதுவாக இருக்கிறது, எல்லோரும் எடுக்கிறார்கள். யார் தயாரித்தது என்று அவள் கேட்டதில்லை.

மறுநாள் படம் வந்தபோது அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார்.

புரதமே இல்லாத செடியிலும் கோடு. அதே இடம், அதே கறுப்பு.

மாணவி அக்கா பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷ உழைப்பு போச்சு. இப்பத் திருப்திதானே அக்கா?"

அக்கா ஃப்ரீசரைக் கிளறி, பனி மூடிய சின்னக் குப்பி ஒன்றை எடுத்து விரலால் துடைத்தார்.

"இது அதே முயலோட ரத்தம். ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்தது. இதையும் போட்டுப் பாரு. இதுலயும் அந்தக் கோடு வரும்னு நினைக்கிறேன்."

"ஊசியே போடலையே, எப்படி வரும்?"

"முயல் என்ன கல்லையா திங்குது? பொறந்ததுலேர்ந்து புல்லும் இலையும்தானே. வேற ஏதோ செடிப் புரதம் அதோட ரத்தத்துக்கு முன்னாடியே பழகியிருக்கும். நாம தேடறதை விட்டுட்டு அதைப் பிடிச்சுக் காட்டுது. ஊசி போடறதுக்கு முன்னாடியே இந்தக் குப்பியைச் சோதிச்சிருக்கணும். அவசரத்துல விட்டாச்சு."

"எந்தப் புண்ணியவான் பண்ண வேலை இது?"

"நான்தான்."

மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கட்டுரை இந்த ஆன்டிபாடியாலதான் வந்தது. அந்தக் கட்டுரைக்காகத்தான் திங்கட்கிழமை இன்டர்வியூ. வேலையை நிரந்தரமாக்கப் போறாங்க."

"ஐயோ... உங்க கட்டுரையும் போயிடும்னு சந்தேகம் இருந்துமா எங்கிட்ட அந்தச் செடியைக் கொடுத்தீங்க?"

"போன மாசம்தான் சந்தேகம் வந்தது. உன் கட்டுரை இன்னும் வெளியில போகலையே."

அக்கா படத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைப் பக்கம் நடந்தார். மாணவி பின்னாலேயே ஓடினாள்.

"முதல்ல நீங்க தனியா போட்டுப் பார்த்திருக்கலாமே அக்கா?"

கதவைத் தட்டப் போன கை ஒரு கணம் நின்றது.

"தனியா பார்த்திருந்தா, மறைச்சிருப்பேன்."