கடைசி போல்ட்

பூஜையில் வைத்த ஸ்பேனரை அவர் கையில் எடுத்தார்.

சந்தனம் இன்னும் காயவில்லை. ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. இருபத்தாறு வருடம் வேன் ஓட்டியதில் ஒரு வருடம்கூட அவர் தொட்டதில்லை.

ஆபத்துக்குப் பாவம் இல்லை.

சாத்தூரில் ஒரு மெக்கானிக் கடையும் திறந்திருக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மதுரையில் ஆவுடைக்குக் கதிர்வீச்சு. மனைவியின் முதுகெலும்பில் இருக்கும் புற்றுக்கு விஜயதசமி ஏது?

போன வாரம் போகும்போதுதான் வேனின் முன் ஸ்பிரிங் ஒடிந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஆவுடை அலறினாள்.

திரும்பி வரும்போது அலறவில்லை. முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அலறலைக்கூட அவரால் தாங்க முடிந்தது. அந்த முந்தானையைத் தாங்க முடியவில்லை.

வீட்டில் இறங்கியதும் சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் வரல."

அடுத்தவர் காரில் உட்காரவைத்துப் பார்த்தார். சீட் பள்ளமாக இருந்தது. எழுப்பும்போது மூர்ச்சையாகிவிட்டாள். பழைய வேனில், உயரமான முன் சீட்டில், தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் அவளால் இருக்க முடியும்.

அந்தக் காலத்து வண்டிக்கு ஸ்பிரிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. தேடிப்பிடித்து, இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக வாங்குவதற்குள் நேற்றாகிவிட்டது.

வாசலில் ஜாக்கி ஏற்றி, கட்டை கொடுத்தார்.

புது ஸ்பிரிங்கை அமுக்கித்தான் உள்ளே நுழைக்க வேண்டும். அதைக் கவ்வி அமுக்க, விற்றவர் கொடுத்த கொக்கித் திருகு இரண்டு. இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று. கணக்கு மாறினால் ஸ்பிரிங் சும்மா இருக்காது.

ஒருமுறை மாறியது.

கொக்கி தெறித்து, காதை உரசிப் போய், சுவரில் ஒரு கை காரையைப் பெயர்த்தது.

தான் செத்தால் அவளை யார் மதுரைக்குக் கூட்டிப்போவது என்றுதான் முதலில் பயந்தார். பிறகு அழுகை வந்தது. அழுதார். கிழட்டு வண்டியைத் திட்டினார். சாமியையும் திட்டினார்.

அழுதுகொண்டே நாலு சுற்று.

நாலு சுற்று.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரம் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டார்.

மிச்சம் இடது பக்கம் அடியில் ஒரு போல்ட். அதை மட்டும், சீட்டில் ஆள் இருந்து ஸ்பிரிங் அமுங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப்போடும். முன் சீட் சக்கரத்துக்கு நேர் மேலே. பெரியவர்கள் யார் ஏறினாலும் ஒரு விரற்கடை இறங்கும். சின்னப் பிள்ளைகள் ஏறினால்தான் அசையாது.

வேறு யாரும் வேண்டாம். நாளை உட்காரப்போகிறவளே உட்காரட்டும்.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

"பைய வாங்கக்கா, பைய."

அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார். ஸ்பிரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அமுங்கியதும் இறுக்க வேண்டும்.

ஸ்பிரிங் அசையவில்லை.

கை கடுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அசையவில்லை.

"இன்னும் ஏறலயா ஆவுடை? ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா ஏறு."

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அதில் சந்தோஷம் இருந்தது.

"நான் எப்பவோ ஏறிட்டேன். கொஞ்சங்கூடக் குலுங்கல. நாளைக்கு வாரேங்க."

அவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே கிடந்தார்.