வெங்காயம் உரித்த நாள்

முதல்வர் செழியரசு இளமையில் ராணுவச் சேமப்படைப் பயிற்சி முகாமுக்குப் போகவே இல்லை என்று எதிர்க்கட்சி மேடைதோறும் சொன்னது. "அவர் பிடித்த ஒரே துப்பாக்கி, பொட்டுவெடித் துப்பாக்கி!" கைதட்டல் பறந்தது.

அவரை முகாமில் பார்த்த நினைவு எஸ்தரிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவள் கணவர் செல்லையாவும் அன்று அங்கே இருந்தார். ஆனால் அவர் எஸ்தரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

ஒரு நாளின் நினைவைப் பிரித்தெடுத்துச் சாட்சியாகக் கொடுத்துவிட்டால், அந்த நாளும் அதைப் பற்றிப் பேசிய பேச்செல்லாமும் கொடுத்தவர் மனதிலிருந்து அழிந்துபோகும்; திரும்பி வராது.

"கொடுக்காதட்டி. அன்னைக்குத்தான் நான் உங்கிட்ட முதல்ல பேசினேன்," என்றார் செல்லையா.

"நடந்ததை நடக்கலைங்காங்க. எப்படிச் சும்மா இருக்க? நான் வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்க," என்று கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சேனலிலும் அந்த நினைவு ஓடியது. ஓரத்தில் செழியரசு சாக்கின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தார். எதிர்க்கட்சி உடனே 'வெங்காய வீரர்' என்று பெயர் வைத்தது.

எஸ்தர் அவரைக் கவனிக்கவில்லை. நடுவில் நின்ற, மொட்டைத்தலையும் மீசையில்லாத முகமுமான ஒல்லிப் பையனையே பார்த்தாள்.

"கையில வாட்ச் கட்டிக்கிட்டு எங்கிட்ட மணி கேக்கான் பாருங்க, திருட்டுப்பய! ஆனா சிரிப்பு நல்லாயிருக்கு. யாருங்க அவன்?"

செல்லையா நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, கடிகாரம் கட்டிய கையை மடியில் வைத்தபடி, அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மணி என்ன, எஸ்தர்?"