பாதியில் பாதி

“இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்திரக் கூடாது. டேப்பர் பண்ணணும். வாரா வாரம் பாதியாக் குறைங்க” என்றார் டாக்டர். ஓய்வுபெற்ற சர்வேயர் ஆவுடையப்பன் மாத்திரையை பிளேடால் பாதியாக்கினார். மறுவாரம் அந்தப் பாதியைப் பாதியாக்கினார். மூன்றாம் மாதம் லென்ஸ் தேவைப்பட்டது.

“இன்னுமா சாப்பிடுறீங்க? இன்னையோட நிறுத்துங்க!” என்று டாக்டர் பதறினார்.

“சட்டுனு நிறுத்தச் சொல்லுதாரு. ஆளைக் கொன்னுருவாரு போல” என்று வீட்டுக்கு வந்து புலம்பினார் ஆவுடையப்பன்.

மறுநாள் காலை வெறும் தட்டின்மேல் குனிந்து, மூச்சை அடக்கி, நடுவில் பிளேடை இறக்கினார். வலப்பக்கத்தை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தார். மனைவி கோமதி இடப்பக்கத்தை விரலால் ஒற்றி எடுத்து, டப்பாவில் போட்டு இறுக மூடினாள்.

“ஃபேனைப் போட்டுராதிய. நாளைக்கு இவ்வளவுதான் கெடக்கு.”