விடுபட்ட முதல் வரி

சுருங்கவில்லை.

பேராசிரியர் ஞானசிகாமணி மறுபடியும் பொத்தானைத் தட்டினார். திரையில் பதினோரு வரிக் கணிதக் கோவை பதினோரு வரியாகவே நின்றது.

கருத்தரங்கில் யாரோ இருமினார்கள்.

மூன்றாவது வரிசையில் அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திணறட்டும்.

அந்தக் கோவை அவளுடையது. கணினியோடு மல்லுக்கட்டி அதை ஒரே வரியாகச் சுருக்க இரண்டரை வருடம் ஆனது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார் ஞானசிகாமணி. ஆய்வு வழிகாட்டி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா, கோப்பைக் கொடுத்தாள்.

நாலே மாதத்தில் ஆய்விதழில் வந்துவிட்டது. அவர் பெயரில்.

கடைசிப் பக்கத்தில், தட்டச்சு உதவிக்காக அவளுக்கு நன்றி.

இனி அதை அவள் தன் ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. சேர்த்தால் அவள்தான் திருடி.

ஆனால் கோப்பின் முதல் வரியை அவர் படிக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. x மிகை எண், அதாவது பூஜ்யத்தைவிடப் பெரியது என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரி அது. சொல்லாவிட்டால் அது சுருக்காது. மைனஸ் மூன்றை வர்க்கப்படுத்தி வர்க்கமூலம் எடுத்தால் மைனஸ் மூன்று திரும்ப வராது, மூன்றுதான் வரும். பள்ளிக்கூடப் பாடம்.

அவர் கட்டுரையில் எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தார்.

கணினி மக்கர் பண்ணுகிறது என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். அவளை மேடைக்கு வரச் சொன்னார்.

போனாள். விடுபட்ட வரியைத் தட்டினாள். சுருக்கச் சொன்னாள்.

பதினோரு வரி ஒரு வரியானது.

கைதட்டினார்கள். அவர் லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

முன்வரிசையில் இருந்த மங்கையர்க்கரசி மட்டும் கைதட்டவில்லை. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியர் அவர்.

“மிகை எண்ணுன்னு இப்பத்தானே சேர்த்தீங்க? கட்டுரைல அது இல்லையேம்மா. குறை எண்ணா இருந்தா என்ன ஆகும்?”



பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று அதையும் பேராசிரியர் எடுத்துக்கொள்வார்.

அவர் அவளையே பார்த்தார். சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினார். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கெஞ்சியது அப்போதுதான்.

அவள் பணிவாக ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“சார் சொல்வாங்க மேடம்.”

மேடையிலிருந்த மைக்கை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

பிறகுதான் அவரிடம் நீட்டினாள்.